தோற்ற இடத்திலிருந்தே தொடங்கியவர்கள்



யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை பிறகு என்ன செய்தது என்று யாரும் சொல்வதில்லை. அந்த மீதிக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவில் ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணி ஊரே சிரிக்கும்படி தோற்றது. அடுத்த வருஷமே எழுந்து நின்றது. எப்படி எழுந்தது என்பதுதான் விஷயம்.

அதற்கு முன் என் கதை நாலு வரி. போன வருஷம் மூன்றாம் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று மத்தியானம், கேன்டீனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போனில் ரிஜிஸ்டர் நம்பரை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் ஒரே பதில். எஸ்.ஓ.எம். உட்பட மூன்று பேப்பர் போச்சு! எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா தார் சுற்றுகிறார். 'அரியர்' என்றால் என்னவென்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? பாக்கி என்று சொன்னால், "எவ்வளவு ரூபாய் கண்ணு?" என்றுதான் கேட்பார்கள்.

படிப்பை விட்டுவிட்டுத் தறிக்கே போய்விடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். சாயங்காலம் கூடைப்பந்து ஆடப் போவதையும் நிறுத்தினேன். நாலாம் நாள் பி.டி. சார் வராந்தாவில் மடக்கிவிட்டார். "என்னடா, கிரவுண்டு பக்கமே காணோம்?" என்றார். சொன்னேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "வர்ஜீனியா, 74-54. இத மட்டும் போன்ல தேடிப் பாரு. பாத்துட்டு நாளைக்கு கிரவுண்டுக்கு வா" என்றார். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி தேடியதும், அதற்குப் பிறகு பல ராத்திரி தேடித் தேடிப் படித்ததும், ஆட்டங்களைப் போட்டுப் பார்த்ததும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்ன விளக்கம்

கூடைப்பந்து ஆடாத நண்பர்களுக்காக இது. அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துக்கு இருக்கும் மவுசு, நம் ஊரில் கிரிக்கெட்டுக்கு இருப்பதைப் போன்றது. ஒவ்வொரு மார்ச் மாதமும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு தேசியப் போட்டி நடத்துகிறது. அதில் 68 அணிகள். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அணிகளை நான்கு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை தரவரிசை கொடுக்கிறார்கள். 1 என்றால் பிரிவிலேயே பலசாலி. 16 என்றால் கடைசி. முதல் சுற்றில் 1-ம் எண் அணி 16-ம் எண் அணியோடு மோதும்.

ஆண்கள் போட்டியில் 1985-ல் 64 அணிகள் முறை வந்தது முதல் 2018 வரை, இப்படி 135 ஆட்டங்கள் முடிந்திருந்தன. 135-லும் 1-ம் எண் அணியே ஜெயித்திருந்தது. 16-ம் எண் அணி ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. (பெண்கள் போட்டியில் 1998-ல் ஹார்வர்டு அணி ஸ்டான்ஃபோர்டை இப்படி வீழ்த்தியிருந்தது. பெண்கள்தான் முதலில் சாதித்தார்கள் என்பதை நம் கல்லூரித் தோழிகளுக்காகக் குறித்து வைக்கிறேன்!)

2018-ல் நான்கு பிரிவுகளின் 1-ம் எண் அணிகளுக்குள்ளும் தலைமை அணியாக வைக்கப்பட்டது வர்ஜீனியா பல்கலைக்கழகம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1819-ல் சார்லட்ஸ்வில் என்ற ஊரில் நிறுவிய பழம்பெரும் பல்கலைக்கழகம் அது. அந்த வருஷம் அந்த அணி 31 ஆட்டம் ஜெயித்து, இரண்டே இரண்டில்தான் தோற்றிருந்தது. கோச் டோனி பென்னட். இவருடைய அப்பா டிக் பென்னட்டும் பேர்போன கோச்.

எதிரணி யு.எம்.பி.சி. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாகம் என்பதன் சுருக்கம். 1966-ல் தொடங்கிய சின்ன வயசுக் கல்லூரி. படிப்பிலும் செஸ் விளையாட்டிலும் பெயர் வாங்கியது. கூடைப்பந்தில் அதுவரை யாரும் கண்டுகொள்ளாத அணி.

அந்த ராத்திரி

2018 மார்ச் 16. இடம் வட கரோலினாவின் சார்லட் நகரம். பாதி ஆட்டம் முடிந்தபோது 21-21. சரி, பெரிய அணி கொஞ்சம் மெதுவாக ஆரம்பித்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

இரண்டாம் பாதியில் வானம் இடிந்து விழுந்தது. யு.எம்.பி.சி. அந்த 20 நிமிடத்தில் மட்டும் 53 புள்ளி எடுத்தது. அந்த வருஷம் வர்ஜீனியா ஒரு முழு ஆட்டத்துக்கே சராசரியாக 54 புள்ளிதான் விட்டுக்கொடுத்த அணி என்பதை நினைத்துப் பாருங்கள். 40 நிமிடத்தில் கொடுப்பதை 20 நிமிடத்தில் கொடுத்துவிட்டார்கள்! ஜெய்ரஸ் லைல்ஸ் என்ற ஒரே ஆட்டக்காரர் 28 புள்ளி போட்டார். முடிவு 74-54. தோற்றதுகூடப் பெரிதில்லை, 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.

கடைசி விசில் ஊதும்போது வர்ஜீனியாவின் கைல் கை என்ற இளைஞன் (ஆமாம், பெயரே 'கை'தான், பந்து போடுகிறவனுக்கு ஏற்ற பெயர்!) குனிந்து முகத்தை மூடிக்கொண்டு நிற்கும் படத்தைப் பார்த்தேன். ரிசல்ட் அன்று வேப்பமரத்தடியில் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

ஏன் தோற்றார்கள்?

"அன்னைக்கு நேரம் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அப்படிச் சொன்னால் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. நான் பார்த்தவரை காரணங்கள் நான்கு.

ஒன்று, ஆள் குறைவு. டிஆண்ட்ரே ஹன்டர் என்ற திறமையான ஆட்டக்காரருக்கு, போட்டி தொடங்குவதற்குச் சில நாள் முன்பு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அவர் ஆடவில்லை.

இரண்டு, தற்காப்பு முறை. வர்ஜீனியாவின் பலமே தற்காப்புதான். டிக் பென்னட் உருவாக்கி மகனுக்குக் கொடுத்த முறை அது. பந்து வைத்திருப்பவரை ஒருவர் மட்டும் போய் நெருக்குவார். மற்ற நால்வரும் வளையத்துக்கு அருகில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டுக்குள் நின்று உள்ளே வரும் வழியை அடைப்பார்கள். "உள்ள வராத, வேணும்னா தூரத்துல இருந்து எறி" என்பதுதான் இதன் தத்துவம். தூரத்திலிருந்து எறிவது சிரமம் என்பதால் பெரும்பாலும் இது பலிக்கும். ஆனால் அன்றைக்கு யு.எம்.பி.சி. பையன்கள் தூரத்திலிருந்து எறிந்த 24 மூன்று-புள்ளி எறிதல்களில் 12 உள்ளே விழுந்தன. வர்ஜீனியா 22 எறிந்து 4 தான் விழுந்தன. கணக்குப் போடுங்கள்: 36 புள்ளிக்கு 12 புள்ளி. மூன்று-புள்ளியில் மட்டும் 24 புள்ளி வித்தியாசம். மொத்த ஆட்டத்தின் வித்தியாசமோ 20!

மூன்று, வேகம். வர்ஜீனியா அமெரிக்காவிலேயே மிக மெதுவாக ஆடும் அணி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, பொறுமையாக நேரம் பார்த்துத்தான் எறிவார்கள். இதனால் ஓர் ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஏறத்தாழ 60 வாய்ப்புகள்தான் கிடைக்கும். வாய்ப்பு குறைந்தால் அதிர்ஷ்டத்துக்கு இடம் கூடும். கிரிக்கெட்டை வைத்துச் சொன்னால், ஐந்து நாள் டெஸ்டில் சின்ன டீம் பெரிய டீமை ஜெயிப்பது ரொம்பக் கஷ்டம். பத்து ஓவர் மேட்சில் யார் வேண்டுமானாலும் யாரையும் அடிக்கலாம். இன்னொரு தொல்லையும் உண்டு. மெதுவாக ஆடிப் பழகியவர்கள் 15 புள்ளி பின்தங்கினால் அவசரமாக எட்டிப்பிடிக்க முடியாது. அவசரப்பட்டால் பழகாத ஆட்டம் ஆடவேண்டி வரும், அதில் இன்னும் சறுக்கும்.

நான்கு, பயம். '135-க்கு 0' என்ற கணக்கு சின்ன அணிக்குப் பாரமே இல்லை. தோற்றால் யாரும் கேட்கப் போவதில்லை. பெரிய அணிக்கோ அது தலையில் ஏற்றிய அம்மிக்கல். நேரம் போகப் போக, 'நாமதான் முதல்ல தோக்கப் போறமா?' என்ற நினைப்பு வந்த பிறகு கை தானாக நடுங்கும். ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்ததும் படித்ததெல்லாம் மறந்துபோகுமே, அதே கதைதான்.

மறுநாள் காலை

பென்னட் அன்றே நிருபர்கள் முன் வந்து உட்கார்ந்தார். ஹன்டர் இல்லாததைச் சாக்காகச் சொல்லவில்லை. நடுவரைக் குறை சொல்லவில்லை. எதிரணி எங்களைவிட நன்றாக ஆடியது, ஜெயிக்கத் தகுதியானவர்கள் ஜெயித்தார்கள் என்று ஒப்புக்கொண்டார். இதைப் படிக்கும்போது எனக்குச் சுருக்கென்றது. நான் என் மூன்று பேப்பருக்கும் மூன்று சாக்கு தயாராக வைத்திருந்தேன்!

பிறகு அவருடைய மனைவி ஒரு சொற்பொழிவின் பதிவை அவருக்கு அனுப்பினார். டொனால்ட் டேவிஸ் என்ற கதைசொல்லி பேசியது. துன்பத்தைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டால், வேறு எந்த வழியிலும் போக முடியாத ஓர் இடத்துக்கு அதுவே நமக்கு டிக்கெட் வாங்கிக் கொடுக்கும் என்பது அதன் சாரம். பென்னட் அதைத் தம் பையன்களுக்குச் சொன்னார். அடுத்த சீசன் முழுக்க நிருபர்கள் கேட்கும்போதெல்லாம் திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

கைல் கை செய்தது இன்னும் ஆச்சரியம். தோற்று அழுத அந்த ராத்திரியின் படத்தையே தன் போன் திரையில் வைத்துக்கொண்டான். நாமாக இருந்தால் அந்த நாளின் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவோம். அவனோ தினமும் அதைப் பார்த்தான். அதோடு, தனக்கு மனப்பதற்றம் என்ற தொல்லை இருக்கிறது, அதற்குச் சிகிச்சை எடுக்கிறேன் என்று வெளிப்படையாக எழுதினான். ஆம்பளைப் பையன் அழக்கூடாது, பயம் என்று சொல்லக்கூடாது என்று வளர்ந்த நமக்கு இது பெரிய பாடம்.

ஊர் சும்மா இருக்குமா? அடுத்த சீசனில் வெளியூர் மைதானங்களுக்குப் போனபோதெல்லாம் எதிரணி ரசிகர்கள், "யு... எம்... பி... சி..." என்று கோஷம் போட்டார்கள். ஒன்றிரண்டு நாள் இல்லை, சீசன் முழுக்க. அரியர் வைத்தவனைப் பார்த்து, "என்ன மாப்ள, இந்த வருஷமாவது உண்டா?" என்று கேட்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்!

எதை மாற்றினார்கள், எதை மாற்றவில்லை?

இந்தக் கட்டுரையில் முக்கியமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

படுதோல்வி வந்தால் நமக்கு இரண்டில் ஒன்று தோன்றும். 'எல்லாம் சரியாத்தான் செஞ்சேன், விதி' என்று எதையும் மாற்றாமல் இருப்பது ஒன்று. 'நான் செஞ்சது எல்லாமே தப்பு' என்று மொத்தத்தையும் தூக்கிப் போடுவது இன்னொன்று. வர்ஜீனியா இரண்டையும் செய்யவில்லை.

"மெதுவா ஆடுனதாலதான் தோத்தீங்க, வேகத்தை மாத்துங்க" என்று வெளியில் எத்தனையோ பேர் சொன்னார்கள். பென்னட் மாற்றவில்லை. 2019-லும் அமெரிக்காவிலேயே மிக மெதுவாக ஆடிய அணி வர்ஜீனியாதான். தற்காப்பு முறையையும் விடவில்லை. பல வருஷம் உழைத்துக் கட்டிய அஸ்திவாரத்தை ஒரு ராத்திரிக்காக இடிக்க அவர் தயாராக இல்லை.

ஓட்டை இருந்த இடம் தாக்குதல். பழைய முறையில், ஆட்டக்காரர்கள் சகாக்கள் போடும் மறைப்பைச் சுற்றிச் சுற்றி ஓடி, இடம் கிடைத்ததும் பந்து வாங்கி எறிவார்கள். அது அடைபட்டால் வேறு வழி இல்லை. அதனால் இன்னொரு முறையையும் சேர்த்துக்கொண்டார்கள். பந்து வைத்திருப்பவருக்கே ஒரு சகா வந்து சுவர்போல மறைப்புக் கொடுப்பார். அந்த மறைப்பைத் தாண்டி அவர் உள்ளே புகலாம், அல்லது பந்தை வெளியே கொடுக்கலாம். இதனால் ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவு திறக்கும்.

ஆட்களிலும் பெரிய மாற்றம் இல்லை. அழுத அதே பையன்கள்தான், கைல் கையும் டை ஜெரோமும். ஹன்டர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். போகாமல் இன்னொரு வருஷம் இருந்தார். கினி நாட்டிலிருந்து வந்த மமாடி டியாகிடே, நியூசிலாந்தைச் சேர்ந்த ஜாக் சால்ட் ஆகியோரும் இருந்தார்கள். புதிதாக வந்தவர்களில் கிஹேய் கிளார்க் முதலாண்டு மாணவன், உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். அமெரிக்கக் கூடைப்பந்தில் இது குள்ளம்! இவன் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவான்.

மறுபடி அதே பள்ளம்

2019 மார்ச் 22. மறுபடியும் தேசியப் போட்டி. மறுபடியும் வர்ஜீனியா 1-ம் எண். எதிரே 16-ம் எண், கார்ட்னர்-வெப் என்ற சின்னப் பல்கலைக்கழகம்.

முதல் பாதியில் என்ன நடந்தது தெரியுமா? வர்ஜீனியா ஒரு கட்டத்தில் 14 புள்ளி பின்தங்கிவிட்டது! போன வருஷம் பாதி ஆட்டத்தில் சமநிலையிலாவது இருந்தார்கள். இந்தத் தடவை இடைவேளையில் 30-36 என்று பின்னால் இருந்தார்கள். முடிவு தெரிந்துதான் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். அப்படியும் எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

ஆனால் இந்தத் தடவை அவர்கள் ஏற்கெனவே அந்தப் பள்ளத்தில் விழுந்து பார்த்தவர்கள். அதன் ஆழம் அவர்களுக்குத் தெரியும். விழுந்தாலும் உயிர் போகாது என்றும் தெரியும். அவசரப்படாமல் தங்கள் ஆட்டத்தையே ஆடினார்கள். முடிவு 71-56, வர்ஜீனியா வெற்றி. போன வருஷம் ஆட முடியாமல் போன ஹன்டர் இந்தத் தடவை இருந்தார். முந்தைய வருஷப் பேய் அன்றைக்கே பாதி ஓடிவிட்டது.

மூன்று மயிரிழைகள்

அடுத்து ஓக்லஹோமாவை 63-51 என்றும், ஓரிகானை 53-49 என்றும் வென்றார்கள். அதற்குப் பிறகு நடந்த மூன்று ஆட்டங்களும் சினிமாவில் வந்தால், "சும்மா அளக்கறாங்க" என்று சொல்லுவோம்.

மார்ச் 30, பர்டியூ அணியுடன். அந்த அணியின் கார்சன் எட்வர்ட்ஸ் ஒருவரே 42 புள்ளி அடித்தார். ஆட்டம் முடிய 5.9 வினாடி. பர்டியூ 70, வர்ஜீனியா 67. ஜெரோமுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது விழுந்தது, இரண்டாவது தவறியது. டியாகிடே எம்பித் தட்டிய பந்து பின்பக்கம் பறந்து மைதானத்தின் மறுபாதிக்கே போய்விட்டது. அந்தக் குள்ளப் பையன் கிளார்க் ஓடினான். பந்தை எடுத்தான். பதறிக் கண்டபடி எறியாமல், தூரத்தில் நின்ற டியாகிடேவைப் பார்த்து நேராகக் கொடுத்தான். டியாகிடே வாங்கி எறிய, நேரம் முடியும்போது பந்து வளையத்துக்குள்! 70-70. கூடுதல் நேரத்தில் 80-75 என்று வென்றார்கள்.

ஏப்ரல் 6, மினியாபொலிஸ் நகரில் அரையிறுதி, ஆபர்ன் அணியுடன். ஆபர்ன் 62, வர்ஜீனியா 60. மீதி 0.6 வினாடி. கைல் கை மூன்று-புள்ளி எறியும்போது எதிரணியின் ஃபவுல். மூன்று ஃப்ரீ த்ரோ. மூன்றும் விழுந்தால் வெற்றி. அரங்கம் நிறைய கூட்டம். மனப்பதற்றத்துக்குச் சிகிச்சை எடுக்கிறேன் என்று எழுதிய அதே பையன் கோட்டில் நிற்கிறான். முதலாவது விழுந்தது. இரண்டாவது விழுந்தது. அப்போது ஆபர்ன் டைம்-அவுட் கேட்டது, 'நின்னு யோசிச்சுப் பயப்படட்டும்' என்றுதான். வந்தான், எறிந்தான், மூன்றாவதும் விழுந்தது. 63-62.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆட்டத்தின் கடைசி வினாடிகளில் ஜெரோம் விதியை மீறிப் பந்தை இரண்டாம் முறை தட்டியதை நடுவர்கள் கவனிக்கவில்லை. ஊதியிருந்தால் பந்து ஆபர்னுக்குப் போயிருக்கும். ஆக, அதிர்ஷ்டமும் இருந்தது. உழைத்தால் நிச்சயம் வெற்றி என்று நான் எழுதமாட்டேன். வாய்ப்பு வரும் நேரத்தில் நாம் கோட்டருகே நிற்க வேண்டும், அதுதான் நம் கையில் இருக்கிறது. முந்தின வருஷமே மனசு விட்டுப் போயிருந்தால் அந்த அதிர்ஷ்டம் வந்தபோது வாங்கிக்கொள்ள அங்கே ஆளே இருந்திருக்காது.

ஏப்ரல் 8, இறுதி ஆட்டம், டெக்சாஸ் டெக் அணியுடன். அங்கேயும் கடைசி நிமிடத்தில் மூன்று புள்ளி பின்தங்கினார்கள். 12 வினாடி மீதி இருக்கும்போது ஹன்டர் மூலையிலிருந்து எறிந்த மூன்று-புள்ளி விழுந்து 68-68 ஆனது. கூடுதல் நேரத்தில் 85-77. ஹன்டர் மொத்தம் 27 புள்ளி, கைல் கை 24. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது கைல் கைக்கு. வர்ஜீனியா பல்கலைக்கழக வரலாற்றில் ஆண்கள் கூடைப்பந்தில் அதுதான் முதல் தேசியப் பட்டம்!

74-54 முதல் 85-77 வரை 388 நாட்கள். நான் நாட்காட்டி வைத்து எண்ணிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு

கதை இத்துடன் முடியவில்லை. 2019 செப்டம்பரில் பென்னட்டுக்குச் சம்பள உயர்வு தர முன்வந்தார்கள். எனக்கு இருப்பதே போதும் என்று மறுத்துவிட்டு, அணியின் உதவியாளர்களுக்கு ஏற்றிக் கொடுக்கச் சொன்னார். 2024 அக்டோபரில் ஓய்வு பெற்றார்.

2023-ல் இன்னொரு 1-ம் எண் அணி 16-ம் எண் அணியிடம் தோற்றது. எந்த அணி தெரியுமா? அதே பர்டியூ! ஃபேர்லீ டிக்கின்சன் என்ற அணியிடம் 63-58 என்று தோற்றது. அவர்களும் கலையவில்லை. அடுத்த வருஷம் 2024-ல் இறுதி ஆட்டம் வரை போனார்கள். அதில் கனெக்டிகட் அணியிடம் 75-60 என்று தோற்றார்கள். பட்டம் கிடைக்கவில்லைதான். ஆனாலும் எழுந்தார்கள். எழுந்தவர்களுக்கெல்லாம் கோப்பை கிடைப்பதில்லை என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு விந்தையையும் சொல்லிவிடுகிறேன். 2018-ல் யு.எம்.பி.சி. அணிக்குக் கோச்சாக இருந்து வர்ஜீனியாவை மண்ணைக் கவ்வ வைத்தவர் ரயன் ஓடம். 2025 மார்ச்சில் வர்ஜீனியா யாரைத் தன் புதிய கோச்சாக நியமித்தது தெரியுமா? அதே ரயன் ஓடமை! தன்னைத் தோற்கடித்தவரையே கூப்பிட்டு, "வாங்க, எங்க பசங்களுக்குச் சொல்லிக் கொடுங்க" என்று சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

நமக்கு என்ன?

நண்பர்களே, நம் கேம்பஸில் கோப்பை, டி.வி., கோஷம் எதுவும் இல்லை. ஆனால் தோல்வி நிறைய இருக்கிறது. என் பெஞ்சில் கூட உட்கார்ந்திருந்த ஒருவன், இரண்டு அரியருக்காக டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான். மெஷின் டிராயிங்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். அவன் வீட்டிலும் அவன்தான் முதலில் படிக்க வந்தவன். வீட்டில் முதலில் படிக்க வருபவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. தோற்றால், "எனக்கும் ஒருதடவை இப்படி ஆச்சு, பரவால்ல" என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. அதனால் ஒரு தோல்வியையே கடைசித் தீர்ப்பு என்று நினைத்துவிடுகிறோம். அவன் போகும்போது எனக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒரு வாரம் கழித்து அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. நிறுத்திவிட்டு வந்து, "என்ன கண்ணு, போச்சா? மறுக்கா எழுத உடுவாங்கல்ல?" என்று கேட்டார். விடுவார்கள் என்றேன். "அப்பறம் என்ன?" என்று சொல்லிவிட்டுத் தறிப்பக்கம் திரும்பினார். பாவில் ஓர் இழை அறுந்திருந்தது. அவர் பாவைத் திட்டவில்லை, நெய்த துணியைக் கிழித்துப் போடவுமில்லை. அறுந்த இழை எது என்று விரலால் தேடிப் பிடித்தார், முடிச்சுப் போட்டார், மறுபடி ஓட்டினார். தினமும் எத்தனையோ தடவை அவர் செய்கிற வேலைதான். அன்றைக்குத்தான் நான் கவனித்துப் பார்த்தேன். வர்ஜீனியாக்காரர்கள் செய்ததும் இதுதானே!

நானும் அறுந்த இடத்தைத் தேடினேன். மூன்று விடைத்தாளையும் மனசில் ஓட்டிப் பார்த்தேன். எஸ்.ஓ.எம்.மில் தியரி எனக்குத் தெரியும். பீம் கணக்கில் ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமென்ட் வரும் இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் வழுக்கினேன். அதை மட்டும் தினம் இரண்டு கணக்கு போட்டேன். மார்க் ஷீட்டைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து மேஜைக்கு மேலே ஒட்டினேன். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், யு... எம்... பி... சி...!

மறுபடி எழுதியதில் இரண்டு பேப்பர் தேறிவிட்டேன். எஸ்.ஓ.எம். மட்டும் நாலு மார்க்கில் நின்றுவிட்டது. ஏப்ரலில் மறுபடி எழுதுகிறேன். தேறுவேனா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் கூடைப்பந்து கிரவுண்டில் இருப்பேன், வலை கிழிந்த அந்த வளையத்துக்குக் கீழே. அரியர் வைத்தவர்கள், வைக்காதவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். ஆள் குறைகிறது.

– மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை